மார்கழி முதல் வாரம், வர்க்கலா

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

எனக்கும் அப்பாவுக்கும் என்று நீயும் மாப்பிள்ளையும் போட்டு அனுப்பிய கேரளத்து வர்க்கலா கடற்கரைப் பயணத் திட்டத்தைக் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். நாலு நாளைக்குப் பதினேழு வரி. கோபித்துக்கொள்ளாதே, பேனாவை எடுத்துப் பதினைந்தை அடித்துவிட்டேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நானும் அப்பாவும் இரண்டே பேராக எங்கேயும் போனதில்லை. ஏற்காட்டுப் போட்டோவை ஆல்பத்தில் பார்த்திருப்பாய். அந்தப் போட்டோவில் விழாத ஒன்பது பேர் வேனில் இருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் உன் சின்ன அத்தை என் மடியில் தலை வைத்தபடியே ஏறினாள். எட்டாவது வளைவிலேயே வாந்தி, அதுவும் என் முகூர்த்தப் புடவையில். மலை மேலே லேடீஸ் சீட் என்கிற வியூ பாயிண்ட்டில் நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் உன் பாட்டி. இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்காக மின்னியது. "அதோ, அங்கதான் நம்ம பட்டறை" என்று பாட்டியின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் தேனிலவு அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ராமேஸ்வரம் பஸ் டூர். 22 தீர்த்தத்திலும் ஈரப் புடவையோடு ஓடி ஓடிக் குளித்துவிட்டு தனுஷ்கோடி போனால், பஸ் நின்றது இருபது நிமிஷம். அப்பா செருப்பைக் கழற்றி மணலில் கால் வைத்ததும் விசில் ஊதிவிட்டார்கள். திரும்பி வரும்போது ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மானாமதுரை தாண்டியதும், "ஒரு தடவையாவது கடல் கிட்ட சும்மா உட்காரணும்" என்றார்.

உன் பதினேழு வரியில் அந்த 'சும்மா' எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

பாராகிளைடிங் எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கா? பரணில் ஏற ஏணி வைத்தாலே கீழே நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பொன்முடி மலை வேண்டாம், மலைதான் நம் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறதே. ஜடாயு பாறையும் வேண்டாம். பத்மநாபசுவாமியை அடிக்கும்போது மட்டும் கை நடுங்கியது. மூன்று வாசல் வழியாகப் படுத்திருக்கும் பெருமாளைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் திருவனந்தபுரம் போய்வர கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதற்குத் தனியாகப் போய்க்கொள்கிறோம். நான் விட்டுவைத்தது இரண்டுதான். கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜனார்த்தனசுவாமி கோயில். அப்புறம் ஒரு சாயங்காலம் ஆட்டோவில் காப்பில் என்கிற ஊர் வரைக்கும். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், நடுவில் ரோடு என்கிறார்கள். இறங்காமலே பார்த்துவிட்டு வரலாம்.

இனி தேதி. நீ டிசம்பர் 30க்குப் போட்டிருக்கிறாய். நல்லவேளை எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டேன், அவருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். வர்க்கலாவில் சிவகிரி மடம் இருக்கிறது, நாராயண குருவின் சமாதி அங்கேதான். டிசம்பர் 30, 31, ஜனவரி 1 மூன்று நாளும் சிவகிரி தீர்த்தாடனமாம். மஞ்சள் உடுத்திக்கொண்டு ஊர் ஊராக ஜனம் வருமாம். அதோடு புது வருஷக் கூட்டமும் சேர்ந்தால் ரூம் வாடகை என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அப்பா சொன்ன தேதி இதைவிட மோசம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஆடியில் பட்டறை எப்படியும் மூடுகிறோமே, அப்போது போகலாமே என்றார். ஆடியில் அங்கே தென்மேற்குப் பருவமழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், கரையில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள், கால் நனைக்கக் கூட விட மாட்டார்கள். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம், கொலுசு ஆர்டரை விட்டுவிட்டு அப்பா நகர மாட்டார். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் மார்கழி முதல் வாரம், கிறிஸ்துமஸ் லீவு தொடங்குவதற்கு முன்னால். வாசல் கோலம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. நம் வாசலுக்கும் சேர்த்துத் தானே போட்டுவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார். பூசணிப்பூ வைப்பாரா என்று கேட்கவில்லை.

உனக்கு ஒரே ஒரு வேலைதான். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போகும் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது, வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனிலேயே நிற்கும். ஆனால் அப்போது சபரிமலை சீசன், வண்டி முழுக்க ஐயப்ப சாமிகளாக இருக்கும். 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிற அன்றைக்கே காலை 8 மணிக்கு உட்கார்ந்துவிடு. ஐப்பசி ஒண்ணாம் தேதி என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வண்டி நம் ஜங்ஷனுக்கு நள்ளிரவு தாண்டி வருவதால் டிக்கெட் தேதி மறுநாளாக இருக்க வேண்டும், அதில் கோட்டைவிடாதே. வயதைச் சரியாகப் போடு. 60 தாண்டிய ஆணுக்கும் 45 தாண்டிய பெண்ணுக்கும் கீழ் பெர்த்தில் முன்னுரிமை உண்டு. இளமையாகத் தெரிகிறோம் என்று போன தடவை மாதிரி குறைத்துப் போட்டுவிடாதே!

ரூம் விஷயம். நீ பார்த்து வைத்திருப்பது வடக்குக் குன்றின் விளிம்பில். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து மணலுக்கு இறங்குவது செங்குத்துப் படி, என் முட்டி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஒத்துழைக்கும். அதுவுமில்லாமல் அந்தக் குன்று செம்மண் பாறை, மழைக்காலத்தில் ஓரம் சரிந்து விழுகிறதாம். தெற்கே பாபநாசம் கடற்கரைப் பக்கம் பார். அங்கே ஆட்டோ கிட்டத்தட்ட மணல் வரைக்கும் போகிறது. ஏசி, நீச்சல் குளம் எதுவும் வேண்டாம். இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு திண்ணையோ வராந்தாவோ இருக்கட்டும். காலை டிபனும் அறைக் கட்டணத்தில் சேர்க்க வேண்டாம். பத்து மணிக்குள் வந்து சாப்பிடு என்று யாரும் கதவைத் தட்டக் கூடாது. புட்டும் கடலையும் கிடைக்காத ஊரா அது?

காப்பிக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டேன். ஃபில்டரும் ஏற்காட்டுப் பொடியும் பெட்டியில் வருகின்றன. வெந்நீரும் பாலும் கொடுத்தால் போதும். இன்னொன்று யோசித்தாயா? நம் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்கும், அந்தப் பக்கத்துக் கடலில் மறையும். அதைப் பார்க்க அப்பாவை விடியற்காலையில் எழுப்ப வேண்டிய வேலையே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வர்க்கலாவைத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை போன் செய்தால் போதும். இப்போது எங்கே, என்ன பார்த்தீர்கள், போட்டோ அனுப்புங்கள் என்று நடுவில் கேட்காதே. ஒன்றும் பார்த்திருக்க மாட்டோம்.

அப்பாவிடம் இன்னும் தேதியைச் சொல்லவில்லை. பட்டறைப் பேச்சை எடுப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். நேற்று மாடிக்குத் துணி காயப்போடப் போனால், பரணில் கிடந்த பழைய சூட்கேஸ் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடக்கிறது. ஏணியை யார் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கேட்டதற்கு, "பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, அதான்" என்கிறார்.

அன்புடன்,
அம்மா