அரை அட்சரம் பின்னால்

பொறையாறு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சாமுவேல்,

ஸ்தோத்திரம். எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ திட்டுவதையெல்லாம் மனசுக்குள் கேட்டு முடித்துவிட்டேன், மேலே போகலாம். வீட்டில் எல்லோரும் சுகம். மேட்டூரை ஜூன் 12க்கே திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது உனக்குத் தெரிந்த கதைதான்.

மீசைப் பாட்டி போய்விட்டார். போன வியாழக்கிழமை. சிரிக்காதே. எனக்கும் செய்தி கேட்டதும் முதலில், வார்த்தை பிசகி மீசை என்று பாடுவாரே, அந்தச் சரணம்தான் ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்புறம் வெகுநேரம் எதுவும் ஓடவில்லை. காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயில் பாட்டுக் குழுவை, நம் கொயரை, என்னிடம் கொடுத்தார்கள் அல்லவா, வந்த ஜோரில் கீபோர்டு, டிரம் பேடு, நாலு மைக் எல்லாம் வாங்கினோம். பாட்டி வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்து, ஓங்கிய குரலில், தாளத்தில் எல்லோருக்கும் அரை அட்சரம் பின்னால் பாடுவார். மைக் அதையும் பிடித்துவிடும். ஒரு நாள் ஆராதனை முடிந்ததும், "பாட்டி, இனிமே கொஞ்சம் பின்னாடி உட்காருங்களேன்" என்றேன். "சரி ராசா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வாசலை ஒட்டிய தூணோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். அங்கே பாடினாரா என்றுகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

துக்க வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட வேண்டுமே, கொயர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்போனைப் பார்த்துப் பாடினார்கள். பத்தரை மணிக்குள் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தெருப் பெண்கள் எடுத்தார்கள். கையில் புத்தகம் இல்லை, பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. பல்லவி, அனுபல்லவி, ஐந்து சரணம், ஆறு சரணம் என்று கீர்த்தனை மேல் கீர்த்தனையாக விடியும்வரை. அத்தனை பேரும் பாட்டியின் அதே அரை அட்சரம் பின்னால்! ஒருவர்கூடப் பிசகவில்லை. நடவு வயலில் பாட்டி ஒரு வரி சொல்ல, இவர்கள் வாங்கிப் பாடிப் பழகியதாம். குனிந்து, நட்டு, ஒரு எட்டு பின்னால் வைத்த பிறகுதானே மூச்சு வரும்? நான் அதைத் தாளம் தப்புகிறது என்று முடிவு கட்டியிருந்தேன்.

நீ இப்போது மேல்நாட்டு மெட்டுப் பாமாலையா, நம் ராகத்துக் கீர்த்தனையா என்று பழைய சண்டையைத் தொடங்குவாய். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் காலத்திலேயே ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ் வார்த்தையைப் பூட்டிப் பாட ஆரம்பித்தாயிற்று. அதை நான் குறை சொல்லவில்லை, ஆர்மோனியத்தில் அந்த மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, தெருவில் குறி சொல்லிப் போகிற குறத்தியையே வேதத்துக்குள் கூட்டி வந்துவிட்டார். நானோ கோயிலுக்குள் இருந்த கிழவியை வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதே சாஸ்திரியார் கோயிலில் சாதி வழக்கத்தை விடக்கூடாது என்று பின்னால் வந்த மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர்தானே என்று நீ குத்துவாய். குத்து. அன்று ராத்திரி முழுக்க என்னைக் குடைந்ததும் அதுதான். அந்தத் தெருக்காரரைப் பின்னால் உட்காரச் சொல்வது நம் ஊரில் புதிதில்லை, சாமு. எங்கள் தாத்தா காலத்தில் வேறு காரணம் சொன்னார்கள். நான் மைக்கைக் காரணம் சொன்னேன். பாட்டி இரண்டுக்கும் ஒரே "சரி ராசா"தான் சொல்லியிருப்பார்.

இன்று காலையில் மைக்கை அணைத்துவிட்டு, நானே போய் அந்தப் பெண்களை முன்வரிசைக்கு அழைத்தேன். "இங்கேயே நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். வற்புறுத்தவும் வாய் வரவில்லை. சரி, நாம்தான் பின்னால் போக வேண்டும்போல. வருகிற ஞாயிறு கொயரைத் தூணோரம் உட்கார வைக்கப் போகிறேன். சபை ஐயர் என்ன சொல்வாரோ! ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோமே, அவன் இப்போதே முறைக்கிறான்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. மீசைச் சரணத்தை அன்று அவர்களும் அப்படியே, மீசையோடுதான் பாடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அச்சுப் புத்தகத்தைப் புரட்டினால் நாலு சரணம்தான் இருக்கிறது, அந்தச் சரணமே இல்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பாடச் சொல்லி, ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் எழுதி அனுப்பு. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே, அம்மாவுக்கும் 82 ஆகிறது.

உன்,
டேவிட்