போறணை

பாலக்கோடு
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பலில் பதில் போடாமல் இல்லை, கை முழுக்க மண். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஓர் அடுப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். விறகு போட்டு எரிக்கிற, பானையைக் கவிழ்த்த மாதிரி அடுப்பு. பீட்சா சுட. சிரிக்காதே.

எல்லாம் தக்காளியால் வந்தது. இந்தத் தடவை இங்கே எல்லோர் தோட்டத்திலும் தக்காளிதான். சந்தையில் பெட்டியைக் கேட்க ஆளில்லை, பறிகூலிகூடத் தேறவில்லை. திண்ணையில் கொட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், "தாத்தா, பீட்சா பண்ணலாமே" என்றான். கரண்ட் அடுப்பில் வைத்துப் பார்த்தோம். வறட்டி மாதிரி வந்தது. அந்த அடுப்பு 250 டிகிரிக்கு மேல் ஏறாது. இத்தாலியில் பீட்சாவுக்குப் பேர்போன ஊரான நேப்பிள்ஸில் விறகடுப்பை 485 டிகிரி வரை ஏற்றி, 60 முதல் 90 விநாடிக்குள் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். உள்ளே கிடக்கும் நேரம் கூடக்கூட மாவின் ஈரம் போய்விடுகிறது. வறட்டியாகாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் உன் அப்பா நினைவுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் அவர் வேலை பார்த்த அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? அடுப்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இலங்கையில் கற்றுக்கொண்டு வந்த சொல்லில் 'போறணை' என்பார். "ஐயா காலையிலேயே பொறணிக்குப் போயிட்டாரா?" என்று நாம் கேலி செய்வோம். அந்தச் சொல்லின் கதை எனக்கு இப்போதுதான் தெரிந்தது. போர்த்துக்கீசியர் இலங்கைக் கரையை ஆண்டபோது விட்டுப்போன 'ஃபோர்னோ'தான் போறணை ஆகியிருக்கிறது. அதற்கு மூலம் லத்தீனின் 'ஃபூர்னுஸ்'. இத்தாலியில் இன்றைக்கும் அடுப்புக்கு ஃபோர்னோ என்றுதான் பெயர். நேப்பிள்ஸ்காரன் சொல்லும் சொல்லையே உன் அப்பா பாலக்கோட்டில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்; நாம் புறணி என்று சிரித்திருக்கிறோம்.

அந்த நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில்தான் பொம்பெயி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர். அங்கே முப்பதுக்கு மேல் ரொட்டிக் கடைகள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு கடையில் அடுப்பைத் திறந்தால் உள்ளே 81 ரொட்டிகள், கரிக்கட்டையாக, வைத்தது வைத்தபடி. உள்ளே வைத்தவன் எடுக்க வரவில்லை. படத்தில் அந்த அடுப்பைப் பார்த்தேன்: செங்கல் குவிமாடம், முன்னால் ஒரு வாய், நம் பேக்கரியேதான். 2023-இல் அதே ஊரில் ஒரு சுவரோவியம் கிடைத்தது. தட்டில் வட்ட ரொட்டி, மேலே பழங்கள். உடனே பீட்சாவின் பாட்டன் என்று கிளம்பிவிட்டார்கள். அப்போது அங்கே தக்காளி ஏது? அது அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். நம் மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதானே. 1889-இல் இத்தாலி ராணி மார்கெரித்தாவுக்காகச் செய்து அவர் பெயரையே வைத்த பீட்சா கதையையும் எல்லோரும் சொல்கிறார்கள். வரலாறு எழுதுபவர்கள் நம்புவதில்லை. எனக்கும் அது கடைக்காரன் கதை மாதிரிதான் படுகிறது.

சரி, கட்டின கதைக்கு வருகிறேன். தரைக்குக் கிருஷ்ணகிரி கிரானைட் பலகை போட்டுவிடலாம் என்று இருந்தேன். சூட்டில் வெடிக்கும் என்று கொத்தனார் தடுத்துவிட்டார். சூளைக்குப் போடுகிற தீக்கல்லையே வாங்கினோம். அதற்கு அடியில் காலி பாட்டில்களை அடுக்கினேன், சூடு கீழே இறங்காமல் இருக்க. பாட்டிலெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்காதே. தீக்கல் தரைமேல் ஈர மணலைக் குவித்து, நனைந்த செய்தித்தாளால் போர்த்தி, ஏரிக் களிமண்ணும் மணலும் வைக்கோலும் மிதித்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபிறகு வாய் வழியாக மணலைத் தோண்டி எடுத்தோம். உள்ளே 16 அங்குல உயரம், வாய் 10 அங்குலம். இந்தக் கணக்கு முக்கியம். வாய் உயர்ந்தால் சூடெல்லாம் வெளியே ஓடிவிடும், ரொம்பத் தாழ்ந்தால் தீ மூச்சுமுட்டிப் புகையும்.

அவசரப்பட்டு நான்காம் நாளே பெரிய தீ மூட்டினேன். மண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, உச்சியிலிருந்து ஒரு விரிசல். "வீடு கட்டும்போதும் இந்த அவசரம்தான்" என்றாள் உன் தங்கச்சி. பூசி மெழுகிவிட்டு, ஒரு வாரம் தினமும் கொஞ்சம் சுள்ளி மட்டும் எரித்தேன்.

இதில் எனக்குப் புரியாமலே இருந்தது ஒன்று உண்டு. சுடுவது தீ இல்லை, கல். காய்ந்த புளிய விறகு ஒன்றரை மணி நேரம் எரிந்தால் முதலில் கூரை முழுக்கக் கரி பிடிக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து கூரை வெளுக்கும். அதுவரை மாவைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் தணலை ஓரம் தள்ளி, தரையை ஈரச் சாக்கால் துடைத்துப் போட வேண்டும். தரைக்கல் அடியைச் சுடும், கூரையின் அனல் மேலே சுடும், ஓரத்துச் சுவாலை குவிமாடத்தில் புரண்டு சீஸை உருக்கும். கூரை வெளுக்கும் முன் நான் வைத்த முதல் பீட்சா அடியில் பச்சை மாவு. கோழிக்குப் போயிற்று.

மாவு ஒரு கிலோ மைதா, 600 மில்லி தண்ணீர், 25 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். எண்ணெய் கிடையாது. நம் வெயிலுக்கு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. ஆறு உருண்டை வரும். பூரிக்கட்டையைத் தொடாதே, விரலால் நடுவிலிருந்து அழுத்தித் தள்ளினால்தான் ஓரத்தில் காற்று நின்று உப்பும். தக்காளியை வேகவைக்காமல் கையால் பிசைந்து உப்பு மட்டும். நாட்டுத் தக்காளியின் புளிப்பு பிரமாதமாகச் சேர்ந்தது. பேரன் மூன்று தின்றான். நான் பாதிக்குமேல் போகவில்லை, எனக்குக் களிதான் சரி.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். பீட்சா சுட்ட மறுநாள் காலையிலும் அடுப்புக்குள் கை வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டை வீணாக்காமல் பன் போடலாம் என்று ஆசை. உன் அப்பா தரையில் ஒரு பிடி மாவை வீசிவிட்டு, அது சிவக்கும் வரை வாய்க்குள்ளேயே எண்ணுவார், நினைவிருக்கிறதா? எத்தனை வரை எண்ணுவார்? கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டு எழுது. அவருடைய மரத்துடுப்பு உங்கள் பரணில் இன்னும் கிடந்தால், அடுத்த முறை வரும்போது பஸ்ஸில் எப்படியாவது போட்டுக் கொண்டுவா. காம்பு நீளம் என்று மட்டும் அறுத்துவிடாதே.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்