சாப்பிடாத மீனுக்கு எதுக்குத் தூண்டில்? மாப்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

ஸ்காட்லாந்தில் இருக்கிற டே நதிக்கு வா என்று நாங்கள் கூப்பிட்டதற்கு, "ஆத்துல எதையுமே சாப்பிடாத சால்மன் மீனுக்குத் தூண்டில் போட்டு, மாட்டினாலும் திரும்ப ஆத்துலயே விட்டுட்டு வர்றதுக்கு, இடுப்பளவு ஐஸ் தண்ணில நிக்கணுமா?" என்று கேட்டாய். போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே உனக்கு எழுதுகிறேன்.

முதலில், நீ சொன்னது உண்மைதான். கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்த அட்லாண்டிக் சால்மன் இரை எடுப்பதில்லை. கிரீன்லாந்துப் பக்கம் வரை போய்த் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் ஆற்றில் இருக்கும். வசந்தத்தில் ஏறி வரும் மீன் நவம்பர், டிசம்பரில் முட்டையிடும் வரை பட்டினிதான். அப்படிப்பட்ட மீன் எதற்காக ஒரு கொத்து முடியையும் பளபளக்கும் இழையையும் சுற்றிய, ஃப்ளை என்கிற கொக்கியை வாயில் கவ்வுகிறது? கோபம் என்கிறார்கள் சிலர். கடலில் இறால் தின்ற பழக்கம் என்கிறார்கள் சிலர். அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. என்னை அந்த ஆற்றுக்கு இழுப்பதே இதுதான். பசியுள்ள மீனை ஏமாற்றுவது நமக்கு ஆறு வயதிலேயே வந்துவிட்டது. தாமிரபரணியில் மண்புழுவைக் கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் எடுத்தவர்கள் நாம். பசியே இல்லாத மீனிடம் அந்த வித்தை எதுவும் செல்லாது.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டே சுமார் 190 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. நம் ஊர் ஆறுகளோடு பார்த்தால் நீளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பிரிட்டனில் வேறு எந்த ஆறும் இவ்வளவு தண்ணீரைக் கடலுக்குக் கொண்டு போவதில்லை. டன்கெல்டு என்ற ஊருக்குக் கீழே கரையில் நின்றால், மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீர் முழங்காலை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பது உள்ளே கால் வைத்த பிறகுதான் தெரியும். நாங்கள் போனது மார்ச் கடைசியில். தண்ணீர் ஐந்து டிகிரி. நான்கு பேர் போனோம். எங்களுக்கு வழிகாட்ட ஒரு கில்லி; ஆற்றின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும், தண்ணீர் ஓரடி ஏறினால் எங்கே நகரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் ஆற்றைப் படிக்கிற விதத்தைப் பார்த்தபோது உன் அப்பா ஞாபகம் வந்தது.

அப்புறம் அந்த வீச்சு. தூண்டில் கம்பு பதினைந்து அடி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்திருப்பதால் தூண்டில் நரம்பைப் பின்னால் வீச இடமே கிடையாது. வடக்கே ஸ்பே நதிக்கரையில் இதற்கு அந்தக் காலத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நரம்பை முழுதாகத் தூக்காமல் நுனியைத் தண்ணீரில் ஒட்டவிட்டு, மீதியைப் பக்கவாட்டில் ஒரு பெரிய வளையமாக விரித்து, அந்த வேகத்திலேயே முன்னால் அடிக்க வேண்டும். காற்று ஆற்றின் மேல்பக்கம் நோக்கி அடித்தால் ஒரு முறை, கீழ்நோக்கி அடித்தால் இன்னொரு முறை. மாற்றிச் செய்தால் கொக்கி நம் காதுக்குத்தான் வரும். இதில் தோள் பலத்துக்கு வேலை குறைவு, நிதானம்தான் வேண்டும். எங்களில் வயதில் மூத்தவர்தான் அதிக தூரம் வீசினார்.

வீசிய பிறகு நாம் செய்ய ஒன்றுமில்லை என்று நினைப்பாய். கீழ்நோக்கிச் சாய்வாக எதிர்க்கரையைப் பார்த்து வீசினால், ஓட்டம் ஃப்ளையை மெல்ல வளைத்து நம் கரைக்குக் கொண்டு வரும். குளிர்ந்த தண்ணீரில் மீன் அசைய யோசிக்கும். அதனால் மூழ்கும் நரம்பு, சின்னக் குழாயில் கட்டிய கனமான ட்யூப் ஃப்ளை, முடிந்த வரை மெதுவாக. தண்ணீர் பத்து டிகிரியைத் தாண்டினால் மிதக்கும் நரம்பும் சின்ன ஃப்ளையும் போதும். ஃப்ளை கரைக்கு வந்ததும் இரண்டு எட்டு கீழே இறங்கி, மறுபடி வீச்சு. இப்படியே அந்த மடுவின் அடி வரைக்கும்.

நீ கவனிக்க வேண்டியது இதற்கு அப்புறம் வருவது. தக்கை முங்கினால் வெட்டி இழுப்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. சால்மன் ஃப்ளையைக் கவ்வியதும் நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். அது திரும்பித் தன் இடத்துக்குப் போகும் வரை நாம் கையைக் கட்டிப்போட வேண்டும். ரீலிலிருந்து நரம்பு தானாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கம்பை உயர்த்த வேண்டும். முந்தினால் கொக்கி வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாம் நாள் நம் டாக்டருக்குத்தான் மாட்டியது. ரீல் ஒரு முறை முனகியது, நின்றது, பிறகு நிற்கவே இல்லை. ஆற்றின் நடுவே பாய்ந்த மீன், அங்கேயே தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு ஆட்டமும் கம்பின் அடிவரை தெரிந்தது. டாக்டர் கீழே நடக்க, கில்லி பின்னாலேயே பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போனார். வலைக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதுகு நீலம் கலந்த கருப்பு, பக்கமெல்லாம் புது வெள்ளி. வால் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பேன்கள், சிலவற்றுக்கு நூல் போன்ற வால்கூட அறுபடாமல் இருந்தது. கடல் பேன் நன்னீரில் அதிக நாள் தாங்காது, அந்த நூல் வால் அதற்கும் முன்பே அறுந்துவிடும். அப்படியென்றால் அந்த மீன் கடலை விட்டு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தால் பெரிது. எடை போடவில்லை. தண்ணீரை விட்டுத் தூக்கவும் இல்லை. முள்ளில்லாத கொக்கி என்பதால் விரலால் தள்ளியதும் கழன்றுவிட்டது. டாக்டர் கையை நனைத்து, வாலின் அடியைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தார். மூச்சு சீரானதும் அவர் கையை உதறிவிட்டு அது போய்விட்டது.

ஏன் விட்டோம் என்று கேட்டாய். மார்ச் 31 வரை பிடிக்கும் ஒவ்வொரு சால்மனையும் விட்டே ஆக வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம். ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் நாங்கள் விட்டிருப்போம். 2010இல் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் சிக்கியவை ஒரு லட்சத்துக்கும் மேல். 2023இல் சுமார் 32,500. கணக்கு வைக்கத் தொடங்கிய 1952லிருந்து அதுவரை இவ்வளவு குறைந்ததே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் சால்மனை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தார்கள். ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் குஞ்சுகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் திரும்புவதில்லை. அந்த ஐந்தில் ஒன்றைக் குழம்பு வைக்க எனக்கு மனசு வராது, மாப்ளே.

"அப்படின்னா பிடிக்காமலே இருக்கலாமே" என்பாய். இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன். ஒழுங்காக விட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைத்து முட்டையிடுகின்றன. கோடையில் தண்ணீர் இருபது டிகிரிக்கு மேல் சூடாகும்போது கம்பை ஓரமாக வைத்துவிட வேண்டும். சூட்டில் களைத்த மீன் தேறாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் எண்ணம். ஆனால் தினமும் ஆற்றில் நிற்கிறவர்கள் இல்லாமல் போனால், மீன் குறைவதைப் பார்க்கவும் அதற்காகச் சண்டை போடவும் யார் இருப்பார்கள்? கில்லி தன் டைரியில் எழுதும் ஒவ்வொரு மீனும் அந்தக் கணக்குக்குள் வருகிறது.

இதே ஆற்றில்தான், கேபுத் பக்கத்தில், 1922 அக்டோபர் 7 அன்று ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு சால்மனைப் பிடித்தார். அப்பா படகில் கூட இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போராடி, இருட்டிய பிறகுதான் கரை சேர்த்தார்கள். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மனில் இன்று வரை அதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அவர் போட்டது மீன் இரை. ஃப்ளையில் பிடித்த சாதனையும் ஒரு பெண்ணுடையதுதான்: 1924இல் டெவரான் ஆற்றில் மோரிசன் அம்மையார், 61 பவுண்டு. பாலன்டைன் மீனைப் பெர்த் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் வார்ப்பு பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தால் காட்டலாம். டன்கெல்டுக்கு வடக்கே பிட்லாக்ரி அணையில் மீன்கள் ஏறிப் போவதற்கென்றே 34 தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் அவள் பார்க்க வேண்டும்.

டேயில் சீசன் அக்டோபர் 15 வரை. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மறுபடி இடம் பிடித்திருக்கிறோம், உன்னையும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே சால்மனுக்குத் தூண்டில் போடச் சட்டம் விடாது. அதனால் நீ ஞாயிறு சாயங்காலம் வந்து சேர்ந்தால் சரி, திங்கள் காலை ஆற்றில் இறங்கிவிடலாம். கம்பு, ரீல், ஃப்ளை எல்லாம் எங்களிடம் இருக்கிறது. உனக்கு வேடர், அதாவது தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை மட்டும் வாடகைக்குச் சொல்ல வேண்டும். ஷூ சைஸை இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்ளை