ஆக்சிஜன் காலியிடம் என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

நானோ துகள் பற்றி அறிவியல் பக்கத்தில் எது வந்தாலும் அளவு ஒன்றுதான் பெரிதாகச் சொல்லப்படுகிறது. அளவு முக்கியம்தான், ஆனால் துத்தநாக ஆக்சைடு மாதிரி ஒரு பொருள் அவ்வளவு சிறிதானதும் அதன் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்வது மேற்பரப்பு. 20 நானோமீட்டர் துகள்களாக ஒரு கிராம் பொடி இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். அங்கே இருக்கும் அணுக்களுக்கு வெளிப்பக்கம் பிணைப்பு இல்லை, அதனால் ஆற்றல் பட்டை இடைவெளிக்குள், அதாவது வழக்கமாக எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதிக்குள், புதிய நிலைகள் முளைக்கின்றன, எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடம்) அவற்றில் சிக்கிக்கொள்கின்றன. சன்ஸ்கிரீனில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுப்பது வெயிலில் அந்த மேற்பரப்பு வேதிவினையில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

துத்தநாக ஆக்சைடுமீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அது ஒளிரும், அந்த ஒளியின் நிறமாலையில் 380 நானோமீட்டர் பக்கம் ஒரு கூர்மையான முகடு, அப்புறம் 500க்கு மேல் பச்சையில் ஒரு அகன்ற மேடு. புதிதாகத் தயாரித்த கரைசல் பச்சையாக ஒளிர்ந்து, துகள்கள் வளர வளர மஞ்சளுக்கு நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தப் பச்சைக்குக் காரணம் என்ன என்பதில்தான் இவ்வளவு சண்டையும். 1969இல் டிங்கிள் என்ற ஆய்வாளர் செம்பு மாசு என்றார். 1996இல் அமெரிக்காவில் ஒரு குழு ஆக்சிஜன் காலியிடம், அதாவது படிகத்தில் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது, என்றது, அன்றிலிருந்து பலரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள், அதற்கு ஆதாரமாகக் காட்டிய காந்த ஒத்ததிர்வுக் குறிகை காலியிடத்தினுடையதே அல்ல என்று பின்னால் பலர் வாதிட்ட பிறகும். 2000இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு, துளை முதலில் மேற்பரப்பில் சிக்கி அங்கிருந்துதான் உள்ளே இருக்கும் குறைபாட்டுக்குப் போகிறது என்று காட்டியது. துகள் சிறுத்தால் பச்சை ஓங்குவது அதோடு நன்றாகப் பொருந்துகிறது.

நம் கல்லூரிகளில் நடப்பதைச் சொல்கிறேன். வேப்பிலை, துளசி, ஏதோ ஒரு இலைச் சாற்றில் துகள் தயாரிக்கிறார்கள், எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரால் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றி அதன் ஆற்றலை அளக்கும் சோதனை) எடுக்க மாதிரியை வெளியே அனுப்புகிறார்கள், வந்த கோப்பில் ஆக்சிஜன் முகட்டை மென்பொருளில் இரண்டாகப் பிரித்து, 531 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருப்பது ஆக்சிஜன் காலியிடம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வெளியே வரும்? காற்றுப் பட்ட எந்த ஆக்சைடிலும் ஈரத்தால் வரும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) அதே இடத்தில்தான் முகடு காட்டும், கார்பனேட்டும் அந்தப் பக்கம்தான். இலைச் சாற்றில் செய்த துகளில் இன்னும் சிக்கல், ஏனென்றால் சாற்றின் கரிமப் பொருள்கள் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும், அவற்றுக்கும் சொந்த ஆக்சிஜன் உண்டு, அவற்றில் சில தாமாகவே ஒளிரவும் செய்யும். அப்படியிருக்க எது துகளின் ஒளி, எது இலையின் ஒளி என்று ஒரே ஒரு நிறமாலையை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

இது மாணவர்கள் குற்றமில்லை, கேட்க வேண்டியது வழிகாட்டிகள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாற்றை மட்டும் தனியாக ஒரு முறை ஒளிரவைத்துப் பாருங்கள். அதே பொடியை உலையில் சூடாக்கி, கரிமம் போன பிறகு மறுபடி அளவிடுங்கள். மேற்பரப்பில் ஒரு பாலிமரைப் பூசி, பச்சை குறைந்து புற ஊதா கூடுகிறதா என்று கவனியுங்கள், கூடினால் மேற்பரப்புக்குப் பங்கு இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம். கரிமமும் கார்பனேட்டும் ஒட்டியிருக்கிறதா என்று தெரிய, எக்ஸ்பிஎஸ் படத்தோடு கார்பன் முகட்டையும் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது துகளின் அளவோடு நிறுத்தாமல் மேற்பரப்பில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி