கறுப்பைத் தேடும் தோல் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய தோல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். அல்பினிசம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிறம் தரும் மெலனின் பிறவியிலேயே இல்லாத என் தோலை வெயில் என்ன செய்யும் என்று எனக்குச் சொன்னவர்களே நீங்கள்தான். ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கிறீர்கள்.

என் வலது காது விளிம்பில் ஒரு புண் வந்தது. பொருக்குத் தட்டும், தலையணையில் உரசி உதிரும், இரண்டு சொட்டு ரத்தம், மறுபடி பொருக்கு. ஏழு மாதங்களில் மூன்று முறை காட்டினேன். மூன்று முறையும் "வெயில் பட்டதுதான்" என்று களிம்பு எழுதித் தந்தார்கள். நான்காம் முறை வேறொருவர் துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், தோல் புற்றுநோயில் ஒரு வகை. எங்களுக்கு அதிகம் வருவதே அதுதான், பெரும்பாலும் வெயில் படும் முகத்திலும் காதிலும் கழுத்திலும்தான் வரும் என்பதெல்லாம் உங்கள் பாடநூலில் இருப்பவை. முதலிலேயே வெட்டியிருந்தால் சில தையல்களோடு போயிருக்கும். இப்போது அந்தக் காதின் மேல்பாதி இல்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்ட இடமில்லாமல் நாடாவால் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நான்கு வாரங்களில் ஆறாத புண்ணைக் களிம்போடு அனுப்பாதீர்கள், பயாப்சி எடுங்கள்.

"மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று உங்கள் தோலை நீங்களே சோதியுங்கள்" என்று ஒரு துண்டறிக்கை கொடுத்தீர்கள். எதிரில் வருபவரின் முகமே தெரியாத கண் எனக்கு. அல்பினிசம் பார்வையையும் குறைக்கும் என்பது எழுதியவருக்கு மறந்திருக்கலாம். அதில் அச்சிட்டிருந்த படம், ஓரம் கோணிக் கறுத்த மச்சம். அது மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோயின் அடையாளம். எங்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் நிறமில்லாமல் இளஞ்சிவப்புக் கட்டியாகத்தான் தெரியும். கறுப்பே இல்லாத உடம்பில் கறுப்பைத் தேடச் சொன்ன உங்கள் அக்கறைக்கு நன்றி.

ஜூன் 13 வந்தால் அல்பினிசம் விழிப்புணர்வு நாள் என்று எங்களை நடுப்பகலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பவர்களும் உண்டு. சன்ஸ்கிரீனை அழகுப் பொருள் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். அதெல்லாம் உங்கள் பொறுப்பல்ல. பயாப்சி உங்கள் பொறுப்பு.

என் இடது காதில் ஐந்து வாரங்களாக ஒரு சிறு பொருக்கு இருக்கிறது. அடுத்த வாரம் காட்ட வருகிறேன். தயவுசெய்து தொப்பியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி