முன்பணம் கட்டிவிடாதே, மாப்ளை

ஈரோடு,
புரட்டாசி முதல் ஞாயிறு, இரவு

அன்புள்ள மாப்ளை,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியையும் அம்மணியையும் புது மருமகனையும் கேட்டதாகச் சொல்.

வியாழக்கிழமை நீ போனில் பேசி அனுப்பியதை நாலு தடவை கேட்டேன். ஆயுத பூஜைக்கு மோட்டார் வைத்த சைக்கிள் வீட்டுக்கு வந்துவிடும், நாலு இஞ்ச் டயர், ஆக்சிலேட்டர் உண்டு, பெரிய பேட்டரி, முன்னும் பின்னும் ஸ்பிரிங் என்று அடுக்கிக்கொண்டே போனாய். முழுப் பரீட்சை முடிந்த அன்றைக்குப் பேசிய குரல் அது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே மறித்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தை மறிக்க முடியாதல்லவா? முன்பணம் கட்டிவிடாதே. கட்டியிருந்தாலும் திரும்பக் கேள்.

வண்டிக் கதைக்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். ஐந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சித்திரையில் எனக்கு நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாடையும் இடது கையும் வலித்தன. சின்னவன் உடனே கூட்டிப்போனதால் பிழைத்தேன். அம்மணி கல்யாணத்துக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. சொல்லியிருந்தால் பத்திரிகைக் கட்டை அப்படியே வைத்துவிட்டு உடுமலையிலிருந்து ஓடி வந்திருப்பாய். அதனால் சொல்லவில்லை. பந்தியில் நான் பாயசம் வேண்டாம் என்றதற்கு அத்தனை பேர் முன்னால் சண்டை பிடித்தாயே, அதற்குக் காரணம் இதுதான். கோபித்துக்கொள். உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

இன்று காலையில் சென்னிமலைக்கு மோட்டார் வைத்த என் சைக்கிளில் போய் வந்தேன். வெள்ளோடு வழியாகத் தார் ரோட்டில் போய், திரும்பும்போது பாதி தூரம் கீழ்பவானி வாய்க்கால் கரையில் மண் தடத்தில் வந்தேன். போக வர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. ஆகஸ்ட் 15ல் விட்ட தண்ணீர். வெள்ளோடு குளத்தில் பறவைக் கூட்டம் கார்த்திகைக்கு மேல்தான். அதை 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், தெரியுமல்லவா? நாம் தூண்டில் போட்டு அடி வாங்கிய அதே குளம்தான்! சென்னிமலையில் 1320 படியையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வண்டி போகிற மலைப்பாதையில் மேலேயும் ஏறினேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். டாக்டர் நாடித் துடிப்பு 120ஐத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கையில் கட்டியிருந்த வாட்ச் 117க்கு மேல் போகவில்லை. மேலே நின்று கிழக்கே பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்ளை. இனி இதெல்லாம் நமக்கில்லை என்று சித்திரையில் முடிவு கட்டியிருந்தேன்.

இந்த வண்டி எனக்கு இரண்டாவது. முதலாவது, நீ இப்போது வாங்கப் போகிறாயே, கிட்டத்தட்ட அதேதான். ஆனியில் வாங்கினேன். கடைக்காரர் பேட்டரி அளவையும் டயர் அகலத்தையும் சொன்னாரே தவிர எடையைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபின் மண்டித் தராசில் ஏற்றினால் 26 கிலோ 400 கிராம். என் வீடு மாடியில் இருக்கிறது, பத்தொன்பது படி. கனம் தூக்காதே என்று சொல்லி அனுப்பப்பட்டவன் தினமும் அரை மூட்டைக் கனத்தைப் படியில் ஏற்றி இறக்கினேன்.

ஆடியில் ஒருநாள் காலிங்கராயன் வாய்க்கால் கரையோடு நஞ்சை ஊத்துக்குளி தாண்டிப் போனேன். போகும்போது காற்று பின்னால் தள்ளியது, நானும் மோட்டாரும் சேர்ந்து பறந்தோம். திரும்பும்போது முகத்துக்கு நேராக அடித்தது. ஒன்பது கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது பேட்டரி காலி. அந்த மோட்டாரில் பல்சக்கரம் கிடையாது, காந்தம் நேராகச் சக்கரத்தோடு சுற்றுகிற வகை. கரண்ட் இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கப் பின்னுக்கு இழுக்கும். சிறிது மிதித்து, சிறிது தள்ளி, வாட்ச் 140 காட்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துபோனேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். சின்னவன் ஆட்டோவோடு வந்து தூக்கிப்போனான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு மாதமாக அதே கணக்குதான் தலையில். உனக்கும் சொல்லிவிடுகிறேன், கணக்கில் நீ என்னைவிடக் கெட்டி, சரி பார்த்துக்கொள்.

நான் 72 கிலோ. 16 கிலோ வண்டியில் ஐந்து சதவீத ஏற்றத்தை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 170 வாட் வேண்டும். வண்டி 26 கிலோ ஆனால் 190 வாட். இருபது வாட்தான் வித்தியாசம், மோட்டார் அதை எளிதாகச் சுமந்துவிடும். அதனால்தான் கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறபோது கனம் தெரிவதே இல்லை. மோட்டார் ஓயும்போதுதான் தெரியும். படியில் தூக்கும்போது தெரியும். வாய்க்கால் கரையில் லாரி போகாமல் இருக்கத் தண்டவாளக் கம்பியைக் குறுக்கே நட்டிருக்கிறார்களே, அதைத் தாண்டித் தூக்கி வைக்கும்போது தெரியும். மணலில் புதைந்தால் தெரியும். நம் சட்டப்படி 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் உன் கால்தான். அங்கேயும் தெரியும்.

அப்புறம் காற்று. எதிரே மணிக்கு 25 கிலோமீட்டரில் காற்று அடித்தால், நீ 15ல் போவதற்குக் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 150 வாட் போகிறது. சமதரையிலேயே ஒரு மலை ஏறுகிற மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று இது. உன் தோப்பைச் சுற்றி இத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். மோட்டார் வைத்த சைக்கிள் மலைநாட்டுக்காரர்களுக்குத்தான் என்கிறார்கள். நம் ஊருக்கு அதைவிட அவசியம் என்று நான் சொல்வேன். நீ உடுமலையிலிருந்து திருமூர்த்தி அணைக்கு ஆடியில் ஒருதரம் போய்ப் பார், நான் சொன்னது புரியும்.

எடைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது சென்சார். இதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார் இருக்கும். கேடன்ஸ் சென்சார் என்பார்கள். ஸ்விட்ச் போட்ட மாதிரி மோட்டார் ஒரே வேகத்தில் இழுக்கும். கால் நின்ற பிறகும் ஒரு நொடி இழுக்கும். தார் ரோட்டில் பழகிவிடலாம். கரைத் தடத்தில், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நடுவில் எருமை நிற்கிறது, அந்த ஒரு நொடி பொல்லாதது. டார்க் சென்சார் நீ எவ்வளவு அழுத்தி மிதிக்கிறாய் என்று அளந்து அதற்குத் தக்கபடி கொடுக்கும். மெதுவாக மிதித்தால் மெதுவாக, ஏற்றத்தில் அழுத்தினால் கூடுதலாக. கால்தான் ஓட்டுகிறது, பின்னால் யாரோ நல்ல மனிதர் கை வைத்துத் தள்ளுகிறார் என்று இருக்கும். எட்டாவது படிக்கும்போது நெட்டையன் ஓடி வந்து நம் கேரியரைத் தள்ளுவானே, அப்படி.

மருமகன் ஜெர்மனியிலிருந்து ஒன்று கொண்டுவருகிறேன் என்றாராமே. ஆசையாகத்தான் இருக்கிறது. அங்கே இந்த லேசு ரகத்தில் அருமையான வேலை நடக்கிறது. மாலே எக்ஸ்35 என்று ஒன்று, மோட்டாரும் பேட்டரியும் எல்லாம் சேர்ந்தே மூன்றரை கிலோதான். டிக்யூ கம்பெனியின் மோட்டார் 1.85 கிலோ, 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இழுக்கும். பெரிய மலை வண்டிகளில் வருகிற பாஷ் மோட்டார் 85 இழுக்கும், ஆனால் அதோடு வருகிற பேட்டரியும் சைக்கிள் சட்டமும் (ஃபிரேம்) சேர்ந்து வண்டி 22, 25 கிலோ ஆகிவிடும். ஆனால் மாப்ளை, பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேல் கரண்ட் கொள்ளும் லித்தியம் பேட்டரியை ஏற்ற மாட்டார்கள். இவற்றில் எல்லாமே அதற்கு மேல். பேட்டரியைக் கழற்றி விட்டுவிட்டு வந்தால் கனமான சாதா சைக்கிள்தான் மிஞ்சும். ஒரு பாகம் போனாலும் உடுமலையில் யார் பார்ப்பார்கள்? அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. வேண்டுமானால் நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கி வரட்டும்.

நான் செய்தது இதுதான். பழைய வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, பதினொன்றரை கிலோ அலுமினிய சைக்கிள் ஒன்று வாங்கினேன். நேர் ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டர் டயர் போக இடமுள்ள ஃபோர்க். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பட்டறையில் பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார் கோத்துக் கொடுத்தார்கள். உள்ளே பல்சக்கரம் உள்ள வகை, இரண்டேகால் கிலோ. கரண்ட் இல்லாவிட்டாலும் இழுக்காது, சாதா சைக்கிள் மாதிரி உருளும். பெடல் சுற்றுகிற நடு ஆக்சிலைக் கழற்றிவிட்டு டார்க் சென்சார் உள்ள ஆக்சிலைப் போட்டார்கள். தண்ணீர் பாட்டில் இடத்தில் 36 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 252 வாட்-ஹவர். இன்றைய ஐம்பத்தெட்டு கிலோமீட்டருக்கு, மலையும் சேர்த்து, முக்கால்வாசிதான் செலவு. சமதரையில் காற்று இல்லாத இடத்தில் மோட்டாரை அணைத்துவிடுகிறேன். மொத்த எடை 16 கிலோ 200 கிராம், அதே மண்டித் தராசில்தான்.

ஒன்று முக்கியம். அலுமினியச் சட்டத்தில் இப்படி மோட்டார் போட்டால் ஆக்சில் திருகிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புப் பட்டை போட்டு அதைச் சட்டத்தோடு கட்ட வேண்டும். பட்டறையில் அதெல்லாம் வேண்டாம் என்றாலும் விடாதே.

இதில் குறையும் உண்டு. சக்கரத்தில் இருக்கிற மோட்டாருக்கு சைக்கிளின் கியர் உதவாது. செங்குத்தான ஏற்றத்தில் எட்டு கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்தால் கரண்டெல்லாம் சூடாகத்தான் போகும். சென்னிமலையில் நான் இரண்டு தரம் நின்றதில் ஒன்று எனக்காக, ஒன்று மோட்டாருக்காக. நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போக வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் பெடலுக்கு நடுவில் மோட்டார் உள்ள வண்டிதான் சரி, அது கியரோடு சேர்ந்து வேலை செய்யும். ஆனால் நீ போகப்போவது தோப்புக்கும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் கரைக்கும் அணைக்கும்தானே?

பஞ்சரும் ஒரு தொல்லை. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விடாது. மோட்டார்ச் சக்கரத்தைத் தெருமுனைப் பஞ்சர் கடையில் கழற்றத் தயங்குகிறார்கள். அதனால் ட்யூப்லெஸ் போட்டு உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் ஊற்றியிருக்கிறேன். காற்று 40 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் அடித்தால் மண் தடத்தில் முதுகு போய்விடும். 18 நம்பர் ஸ்பேனர் ஒன்று எப்போதும் பையில்.

நாலு இஞ்ச் டயர் உனக்கு எதற்கு? அது கடல் மணலுக்கு. நம் கரைத் தடம் செம்மண், மழை பெய்த மறுநாள் தவிரக் கெட்டியாகத்தான் கிடக்கிறது.

கடைக்காரர், 'ஸ்பீடு லாக் எடுத்துவிட்டால் நாற்பதில் பறக்கும்' என்று சொன்னதாகச் சொன்னாய். அதுதான் எனக்குப் பெரிய கவலை. 250 வாட்டையோ 25 கிலோமீட்டரையோ தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வண்டி. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். உடுமலை ரோட்டில் லாரிக்காரன் உரசிவிட்டுப் போனால் உன் பக்கம் பேச ஒரு காகிதம் இருக்காது. உனக்குச் சர்க்கரை வேறு. அடிபட்டால் ஆறுவதற்கு எத்தனை நாள் என்று உனக்கே தெரியும். நாற்பது வேண்டாம். என் மேல் ஆணை.

மூட்டு வலிக்கிறது, மிதிக்க முடியாது, அதனால்தான் ஆக்சிலேட்டர் என்றாயே. மிதிக்காமல் உட்கார்ந்து போகத் தங்கச்சியின் ஸ்கூட்டரே இருக்கிறது. லேசாக, நிற்காமல் மிதித்தால் மூட்டுக்கு நல்லது என்று என் டாக்டரே சொன்னார். நீ உன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வா. என் வண்டியை நீ ஓட்டு, நான் சின்னவன் சைக்கிளில் மெதுவாக வருகிறேன். வாய்க்கால்மேட்டில் ஏறிக் கரையோடு பத்து கிலோமீட்டர் போவோம், அது போதும். முதலில் மோட்டாரை அணைத்து ஓட்டு, பிறகு போட்டு ஓட்டு. பிடித்திருந்தால் அங்கிருந்தே பட்டறைக்குப் போன் போட்டு நாள் குறிப்போம். சீட் உன் உயரத்துக்கு ஏற்றிவைக்கிறேன். ஷூ போட்டுக்கொண்டு வா, அந்த வார்ச் செருப்போடு வந்து நிற்காதே. புரட்டாசி சனி, வீட்டில் பெருமாள் தளிகை. மதியச் சாப்பாடு இங்கேதான்.

ஸ்டென்ட் விஷயத்தைத் தங்கச்சியிடம் நீயே சொல். என்னிடம் கேட்டால் அழுதுவிடும்.

உன் மாப்ளை