பிரெஞ்சா, உயர்தமிழா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி முதல்வர்களுக்கும் தாய்மொழித் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உயர்நிலை 3இல் படிக்கும் என் மகள், சாதாரணத் தமிழைவிடக் கடினமான பாடமான உயர்தமிழும், மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சும் படிக்கிறாள். இவ்வாண்டு தொடக்கத்தில் அவளுடைய பள்ளி எங்களுக்கு ஒரு தகவல் அனுப்பியது: இரண்டு வகுப்பும் ஒரே பிற்பகலில் வருகின்றன, ஒன்றை விட்டுவிடுவது நல்லது. எதை என்று சொல்லவில்லை. சாதாரணத் தமிழ்தான் இருக்கிறதே என்று உயர்தமிழில் கைவைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

பிரெஞ்சு வகுப்பு பள்ளியில் நடப்பதில்லை. கல்வி அமைச்சு மொழி நிலையத்துக்கு வாரம் ஒருமுறை போக வேண்டும்; மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தமிழ் மாணவர் குறைவாக உள்ள பள்ளிகளில் தமிழும் வெளியேதான்: பீட்டி ரோட்டில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம், இல்லையென்றால் வேறொரு பள்ளி. உயர்சீனம் படிக்கும் தோழிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அவளுடைய வகுப்பு பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடும்.

என் மகள் எதையும் விடவில்லை. பிரெஞ்சு முடிந்த கையோடு ரயில் மாறி ஓடி, தமிழ் வகுப்பின் கடைசி அரைமணி நேரத்துக்குப் போய் உட்காருகிறாள். வாய்மொழிப் பயிற்சி அதற்குள் முடிந்திருக்கும்.

சரி, பிரெஞ்சை விட்டால் என்ன? முதல் இரண்டு ஆண்டும் பெயர், ஊர், குடும்பம், உணவகத்தில் என்ன வேண்டும் என்று சொல்வதிலேயே போய்விடுகின்றன. அப்புறம்தான் மொழி தன் வேலையைக் காட்டும். விருப்பம், அச்சம், ஐயம் என்று எதைச் சொன்னாலும் பின்னால் வரும் வினையின் வடிவமே மாறும். கருத்தைச் சொல்லி, மறுத்து வாதாடிக் கட்டுரை எழுத வேண்டும். நான்காம் ஆண்டில் தேசியத் தேர்வு, விரும்பினால் தொடக்கக்கல்லூரியில் எச்2 நிலைப் பாடமாகவும் பிரெஞ்சு. பலன் வரத் தொடங்கும் இடத்தில்தான் விடச் சொல்கிறீர்கள்.

தமிழ் இதற்குத் தடையும் இல்லை. பிரெஞ்சில் பன்மைப் பெயருக்கு முன் வரும் 'லே' தனி, நண்பர்கள் என்னும் 'அமி' தனி. சேர்த்துச் சொன்னால் நடுவே இஸட் ஒலி வந்து 'லேஸமி' ஆகிறது. புணர்ச்சி விதி படித்தவள் இதைப் பார்த்து மிரளவில்லை. பெரியவர்களுக்கு 'வூ', நெருங்கியவர்களுக்கு 'த்யு' என்பதும் அப்படித்தான். அம்மாவிடம் நீ, ஆசிரியரிடம் நீங்கள் என்று பேசி வளர்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியதும் தமிழில்தானே! அந்தக் கால வரலாற்றுக்கு இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஆண்டு அட்டவணை போடும் முன்பே, இரண்டையும் படிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு வையுங்கள். நாள் மாற்றம் வேண்டுமென்றால் மொழி நிலையத்திடமும் தமிழ் வகுப்பு நடக்கும் இடத்திலும் நீங்களே பேசுங்கள். பெற்றோர் கேட்பதைவிடப் பள்ளி கேட்டால் எடுபடும். அந்தப் பிற்பகல்களில் இணைப்பாட நடவடிக்கையோ கூடுதல் வகுப்போ வைக்காதீர்கள். போட்டி வந்தால் பயிற்சி நேரத்தை மாற்றத் தெரிந்த பள்ளிகள்தானே நம் பள்ளிகள்?

எங்கள் தரப்பில் என்ன விவரம் வேண்டுமானாலும் அக்டோபரிலேயே தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உயர்நிலை 3 மாணவி ஒருத்தியின் அம்மா